மெத்தை அறையில் பதிந்த குரல்

குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் முதல் மாடியில் எண் போடாத அறை ஒன்று உண்டு. சீசனுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் கூடுதலாகக் கேட்கும் மெத்தைகளை மற்ற மாதங்களில் அங்கேதான் அடுக்கி வைப்போம். நாலு சுவரையும் ஜன்னலையும் மறைத்து, கூரைக்கு ஒரு முழம் கீழே வரை இலவம்பஞ்சு மெத்தைகள். உள்ளே நின்று கைதட்டினால் தட்டிய இடத்திலேயே சத்தம் செத்துவிடும். ஐப்பசியிலிருந்து வைகாசி வரை அது என்னுடைய ஸ்டுடியோ. ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கியதும் மெத்தைகள் ஒவ்வொன்றாக வெளியே போகும். அதன் பிறகு அங்கே பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போலிருக்கும். நானும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு என் உண்மையான வேலைக்குப் போய்விடுவேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், ஆந்திராவில் போர் போடும் வண்டியில் பைப் தூக்குகிறவன், புனலூரில் மரக்கடை, கொல்லத்தில் ஓட்டல் என்று எங்கேயும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்த ஊர் முடிந்துவிட்டது போல இருக்கும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கொல்லத்தில் பாத்திரம் கழுவும்போதுதான் பாட்காஸ்ட் கேட்கப் பழகினேன். பாட்டுக் கேட்டால் கை தாளத்தோடு போய்விடும், தட்டு உடையும். பேச்சுக் கேட்டால் கை தன் வேலையைப் பார்க்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், யார் யாரோ பேசியதை ஒரு காதில் கேட்டபடி இரண்டு வருடம் கழுவியிருக்கிறேன். என் படிப்பு அதுதான்.

ஊருக்குத் திரும்பி லாட்ஜில் சேர்ந்த பிறகு, தென்காசியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கடையை மூடினார். அவரிடமிருந்து ஒரு மைக்கும் ஹெட்போனும் வாங்கினேன். ஏதோ ஒரு வேலையை விட்டு வந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு, அந்த வேலையைப் பற்றி அவரைப் பேசவிடுவதுதான் என் நிகழ்ச்சி. வேலையை விட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

முதல் பதிவை மெயின் அருவிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். குற்றாலம் என்று கேட்டதும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் யாரோ ஒருவர் அப்பளம் பொரித்துக்கொண்டே பேசுவது போல இருந்தது. இரண்டாவதில் மின்விசிறி. மூன்றாவதில் ஆடிக் காற்று மைக்குக்குள் புகுந்து தகரம் பறக்கிற சத்தம் போட்டது. நாலாவதுக்குத்தான் மெத்தை அறையைக் கண்டுபிடித்தேன். அந்தச் சுத்தத்தில் கேட்டபோது அடுத்த கோளாறு தெரிந்தது. எதிரில் இருப்பவர் ஒவ்வொரு வரி முடிக்கும்போதும் நான் ‘ம்’ என்று சொல்லியிருந்தேன். வரி முடியாத இடத்திலும் சொல்லியிருந்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு மாடு அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு நான் ம் கொட்டுவதை விட்டேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன். பதிவுகள் சுத்தமாக வந்தன. சிலர் இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் பேச வரவில்லை என்று முடிவு செய்து, அந்தப் பதிவுகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டேன். ‘பேசத் தெரியாதவர்கள்’ என்று அதற்குப் பெயர். அதில் பதினோரு பேர் சேர்ந்தார்கள்.

தென்காசிப் பக்கம் பாட்காஸ்ட் செய்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருப்பது பிறகு தெரிந்தது. ஒருவர் ராயகிரிக்காரர், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றுத் தென்காசியில் குடியிருக்கிறார். எல்லோரும் அவரை ஏட்டையா என்பார்கள். சாலை விபத்துகளைப் பற்றி, வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புத்தி சொல்லும் நிகழ்ச்சி அவருடையது. ‘மேற்படி வாகனம்’ என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இன்னொருத்தி ஆலங்குளத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண். தாலுகா ஆபீஸ் பக்கத்துக் கடை. எந்த மனுவுக்கு எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லும் நிகழ்ச்சி. எங்கள் மூவரில் அவளுக்குத்தான் நிஜமாகக் கேட்கிறவர்கள் உண்டு.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடையில் கூடி, தெரிந்ததைச் சொல்லிக்கொள்வோம். மனப்பாடம் செய்ததைப் படிக்காதே, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வை, ஆரம்பத்தில் வணக்கத்தை நீட்டாதே, இப்படி. நான் சொன்ன பாடங்களில் எனக்குப் பெருமையானது ம் கொட்டாதே என்பது.

“ம் போடாம எப்படிவே இருக்கது?” என்றார் ஏட்டையா. “ஸ்டேஷன்ல வாக்குமூலம் எழுதும்போது ம்ம்னு சொன்னாத்தான் அடுத்த வரி வரும்.”

“அது ஸ்டேஷன். இது பாட்காஸ்ட்.”

“ரெண்டுலயும் எதிர்த்தாப்ல ஒருத்தன் பேசுதான்லா?”

ஜெராக்ஸ் கடைப் பெண் என் பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எதையும் எழுதிக்கொள்வாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் நோட்டு இல்லாமல் வந்தாள். அவளுடைய அத்தைக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த புதன்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், பிறகு பேச முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அத்தை சீசன் மாதங்களில் ஐந்தருவி போகும் சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவர். மற்ற மாதங்களில் ஆலங்குளம் சந்தையில் காய்கறி. சாலையின் இரண்டு பக்கமும் பழக்கூடைகள்தான். வருகிற கார் ஒரு கூடையைக் கடக்க மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியில் அதை நிறுத்துவது குரல் மட்டும்தான். குரல் போய்விட்டால் அந்த இடத்தில் நின்று பயனில்லை, சீசன் இல்லாவிட்டால் அவருக்கு வருடத்தில் பாதி இல்லை.

“இப்ப எல்லாரும் ஸ்பீக்கர்ல போட்டு விடுதாவல்லா அண்ணே, அதே மாதிரி என் கூவலப் பதிஞ்சு குடுட்டின்னு அத்தை கேக்கா” என்றாள். “எனக்கு அது மட்டும் போதாது. அவ பேசுனதும் கொஞ்சம் வேணும். அம்மா போனப்பறம் அவதான் என்னய வளத்தா. வீட்டுல வச்சு ரெண்டு தடவ போன்ல பதிஞ்சு பாத்தேன். நீங்க சொன்ன மாதிரி ம்னு ஒரு சத்தம் போடல. மூணு வரி சொன்னா, எந்திரிச்சுப் போயிட்டா.”

“பேச வராதவங்களா இருக்கும்” என்றேன்.

“எங்க அத்தைக்கா? நீங்க அவ வாயப் பாத்ததில்ல.”

திங்கட்கிழமை காலையில் அத்தையைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி. குரல் ஏற்கெனவே கரகரத்துவிட்டது. காலையில் வெந்நீர் குடித்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்குமாம். மெத்தைகளைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏட்டி, இங்கன எதுக்குக் கூட்டிட்டு வந்த? நாளைக்கு அட்மிட் ஆகணும், இன்னைக்கே படுக்கச் சொல்லுதியா?”

உட்கார வைத்து மைக்கைச் சரி செய்தேன். அந்தச் சாலைக்கு முதன்முதலில் எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் இரண்டு வரி சொன்னார். நான் தலையாட்டினேன். இன்னொரு வரி. தலையாட்டினேன். நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“தம்பி, ஒமக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? தலையத் தலைய ஆட்டுதீரே.”

“கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“கேக்கவன் ம்னு சொல்லணும்லா? நான் செவுத்துக்கிட்டயா பேசுதேன்? செவுரு கூட இல்ல, மெத்தை.”

மருமகளான ஜெராக்ஸ் கடைப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கால் மணி போய்விட்டிருந்தது. நான் ‘ம்’ என்றேன். சும்மா சோதித்துப் பார்க்கத்தான் சொன்னேன். அத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

முதல் சீசனில், முதல் நாள், வெட்கத்தில் வாயே திறக்காமல் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். இருட்டும்போது கூடை அப்படியே இருந்தது. மறுநாள் பக்கத்துக் கூடைக்காரர் கூவுவதையே கூவினார். ஒருவரும் நிற்கவில்லை. விலையைச் சேர்த்துக் கூவிப் பார்த்தார். விலையைக் கேட்டதும் காருக்குள்ளே பேரம் முடிந்து கார் போய்விடுகிறது. அப்புறம்தான் விலையை விட்டுவிட்டு மங்குஸ்தானின் அடியைப் பற்றிக் கூவ ஆரம்பித்தார். அந்தப் பழத்தின் அடியில் பூ மாதிரி இதழ்கள் இருக்கும். எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் காரை நிறுத்திப் பழத்தைக் கையில் வாங்கியாக வேண்டும். கையில் வாங்கியவர்கள் திருப்பி வைப்பது குறைவு.

நாற்பது நிமிடம் பேசினார். ஒவ்வொரு வரிக்கும் நான் ம் போட்டேன், மருமகளும் போட்டாள். ஒரு இடத்தில் நான் மறந்துவிட்டேன். உடனே நிறுத்தி, “தூங்கிட்டீரா?” என்றார்.

பிறகு கூவச் சொன்னோம். எழுந்து நின்று கூவினார். மெத்தைகள் அதை அப்படியே விழுங்கின. இன்னொரு முறை கூவினார். பந்தயத்தில் தோற்றவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

“சத்தம் எங்கன போச்சுன்னே தெரியல. ஒரு ஆளு நின்னு வாங்குதாப்புல இருந்தாத்தான எனக்கு வரும்?”

குரல் அதற்குள் உடைந்துவிட்டது. மறுநாள் மதியம் அட்மிட் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும் மிச்சம் இருந்தது. வாங்குகிற ஆள் ஒருவர் வேண்டும். ஏட்டையாவுக்குப் போன் செய்தோம்.

காலை ஏழு மணிக்கு ஐந்தருவிச் சாலையில் குரங்குகளைத் தவிர யாரும் இல்லை. பங்குனி மாதம், அருவியில் நூல் போலத் தண்ணீர், அதனால் அப்பளச் சத்தமும் இல்லை. சீசனில் கூடை வைக்கும் இடத்தில் போய் அத்தை நின்றார். இன்னும் இரண்டு மாதத்துக்கு மங்குஸ்தான் வராது. மருமகள் பையிலிருந்து குண்டாக ஒரு ஊதாக் கத்தரிக்காயை எடுத்து ஏட்டையாவிடம் கொடுத்தாள்.

“இது என்ன பிள்ள, கத்தரிக்காய்?”

“மங்குஸ்தான்னு நெனச்சுக்கோங்க ஐயா. வெல கேளுங்க. காசு குடுத்துப் பழம் வாங்கிப் பழக்கம் உண்டுல்லா?”

“ரிட்டயர் ஆனதுலேருந்து எல்லாத்துக்கும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி” என்றார் ஏட்டையா.

நான் மைக்கைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தேன். ஏட்டையா கொஞ்ச தூரம் போய், காரில் வருகிறவர் போல நடந்து வந்தார்.

“வாங்க வாங்க, ஓரங்கட்டுங்க! அடியப் பாருங்க, அடியப் பாருங்க! எத்தன எதழோ அத்தன சொளை!”

“பொய் சொல்லாத” என்றார் ஏட்டையா, ஸ்டேஷன் குரலில்.

“எண்ணும்யா மொதல்ல!”

கத்தரிக்காயின் அடியில் எண்ணுவதற்கு ஒன்றும் கிடையாது. ஏட்டையா அதைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இல்லாததை ஒவ்வொன்றாக எண்ணினார். “ஒண்ணு… ரெண்டு… மூணு… இதென்ன, ஒடஞ்சிருக்கு… ஆறு.”

“உள்ள ஆறு! ஏழு இருந்தா கூடையே ஒமக்கு!”

“எழுதிக் குடு” என்றார் ஏட்டையா.

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், அத்தையின் சிரிப்பு இருமலில் முடிந்தது. இன்னும் இரண்டு முறை எடுத்தோம். முதலாவது போல அமையவில்லை. எட்டு மணிக்குக் குரல் போய்விட்டது. மதியம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள்.

நான் முதல் பதிவை எடுத்துச் சுத்தம் செய்தேன். ஏட்டையாவின் குரலை முழுக்க வெட்டினேன், சிரிப்பை வெட்டினேன், இருமலை வெட்டினேன். அத்தையின் குரல் மட்டும் வரிசையாக, ஒன்பது நொடி. தொழில் தெரிந்தவன் செய்த வேலை போல இருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் ஒரு மெல்லிய துணி. வைகாசிக் கடைசியில் சாரல் விழுந்தது, கூடைகள் சாலைக்கு வந்தன. காய்கறி ஆட்டோவில் வைக்கும் மாதிரி ஒரு ஸ்பீக்கரை வாங்கி, தார்ப்பாய்க் கம்பில் கட்டி, என் ஒன்பது நொடியை ஓடவிட்டோம்.

மூன்று நாள் போய்ப் பார்த்தேன். கார்கள் நிற்கவில்லை. குரல் அவருடையதுதான், சொற்களும் அவருடையவைதான். பக்கத்துக் கூடைக்காரி ஸ்பீக்கரைக் காட்டி, “என்னக்கா, ரயில் வருதுன்னு சொல்லுதா இவ?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அத்தைக்குப் பதில் சொல்ல வாய் இல்லாதது அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்துத் தார்ப்பாயில் எறிந்தார். அப்படியே போனால் ஆனி முடிவதற்குள் இடத்தை வேறு யாராவது கேட்டு வருவார்கள் என்று மருமகள் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைக் காட்டினார். இரண்டு விரலால் கத்தரிப்பது போலச் செய்தார். பிறகு இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினார். எனக்குப் புரிய நேரமாயிற்று. மருமகள்தான் சொன்னாள்.

“ஏட்டையாவ எதுக்கு வெட்டுனியன்னு கேக்கா.”

லாட்ஜுக்குத் திரும்பினேன். மெத்தைகளில் பாதி வெளியே போயிருந்தது. மீதியை மேனேஜரின் ஆட்கள் தூக்கிக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து பழைய பதிவைத் திறந்தேன். ஒன்றையும் வெட்டாமல், பொய் சொல்லாத என்பதும், எண்ணியதும், எழுதிக் குடு என்பதும், சிரிப்பும், கடைசி இருமலில் பாதியும் இருக்கும்படி அப்படியே ஸ்பீக்கருக்கு ஏற்றினேன். நான் செய்த ஒரே வேலை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியது.

மறுநாள் காலையில் நாலாவதாக வந்த கார் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் சண்டை போடுகிற ஆளைத் தேடினார்கள். ஆள் இல்லை, கழுத்தில் துணி கட்டிய ஒரு பெண் ஒரு பழத்தைத் தலைகீழாக நீட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டம் சீசனுக்கு நடுவில் நடந்தது. ம் கொட்டாதே என்று நான் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டேன். எதிரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்தே பேசுவாரா, காதால் பிடித்துக்கொண்டு பேசுவாரா என்று முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வகை என்றால் ம் போடுங்கள், பதிவு கெட்டால் கெடட்டும் என்றேன்.

“இதயே வாக்குமூலமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்” என்றார் ஏட்டையா. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அவர் இப்போது சத்தமாகப் பேசுகிறார். ஐந்தருவிச் சாலையில் அவர் குரல் தினமும் ஆயிரம் தடவை ஓடுகிறது என்பது அவர் கணக்கு.

மெத்தை அறையில் பதிந்த நாற்பது நிமிடத்திலிருந்து ம் எல்லாவற்றையும் எடுத்துத் தர முடியுமா என்று மருமகள் கேட்டிருந்தாள். முயன்று பார்த்தேன். அவை அத்தையின் சொற்களின் மேலேயே உட்கார்ந்திருந்தன, ஒன்றை எடுத்தால் மற்றதும் வந்தது. அப்படியே கொடுத்தேன். வீட்டில் போட்டுக் கேட்டார்களாம்.

“நடுவுல ஒரு மாடு கத்துதே, யாருது அதுன்னு எங்க சித்தப்பா கேட்டாவ” என்றாள்.

‘பேசத் தெரியாதவர்கள்’ ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன். பதினோரு பேரும் ஏதோ ஒரு இடத்தில் நிறுத்தி, ஒரு கணம் காத்திருந்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு எல்லாவற்றிலும் பதிவாகியிருக்கிறது. அவர்களில் நாலு பேரைத் தேடிப் போனேன். இரண்டு பேர் மறுபடி பேச ஒத்துக்கொண்டார்கள். திருவேங்கடத்தில் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டவர், அன்றைக்கே சொல்லிவிட்டேனே என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் இறந்துவிட்டார்.

சீசன் முடியும் முன்பு ஒரு மத்தியானம், அறைச் சாவிகளை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு ஐந்தருவிப் பக்கம் போனேன். சாரல் விட்டிருந்தது. ஸ்பீக்கரில் ஏட்டையா எண்ணிக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் காரிலிருந்து இறங்கி, கேட்காமலேயே ஒரு மங்குஸ்தானைத் திருப்பிப் பிடித்து அவரோடு சேர்ந்து எண்ணினார். அவர் ஆறு என்றபோது இவருக்கு ஐந்துதான் வந்தது. பழத்தை அத்தையிடம் நீட்டினார். அத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தித் திறந்து காட்டினார். ஐந்து. விலைக்கு விரலைக் காட்டினார். அந்த அம்மா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

கார் போனதும் அத்தை என் பக்கம் திரும்பி, கையாலேயே ஏதோ சொல்ல ஆரம்பித்தார். காலையில் வந்த ஒரு ஆளைப் பற்றி, தொப்பைக்காரர் என்று வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினார். கூடையில் பாதியைத் திருப்பித் திருப்பி எண்ணினாராம். நான் தலையாட்டினேன். கை பாதியில் நின்றது. தன் காதைத் தொட்டுக் காட்டி என்னை முறைத்தார்.

“ம்” என்றேன்.

பிறகுதான் மீதியைச் சொன்னார்.